நாலு மணி நேரத் தூக்கம்

லீலாவதி காலை ஆறே முக்காலுக்குத்தான் எழுந்தாள் என்ற செய்தி, ஏழு மணிக்குள் டில்லியில் அந்த மயூர் விஹார் சொசைட்டியின் மூன்று மாடிக்கும் போய்விட்டது. தினமும் ஐந்தரைக்குப் பால் பூத்தில் முதல் ஆளாக நிற்கிறவள் வரவில்லை என்றால் தெரியாமல் போகுமா? மேல் வீட்டு அம்புஜம் மாமி, "சுகர் ஏறிடுத்தோ என்னமோ" என்று வரிசையில் நின்றபடியே கவலைப்பட்டாள். அம்புஜத்தின் கவலைக்குக் கால் உண்டு. பூத்திலிருந்து கிளம்பினால் மார்க்கெட்டைச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

சுகரெல்லாம் ஏறவில்லை. லீலாவதி நன்றாகத் தூங்கிவிட்டாள், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் முதல் தடவை. ஏன் என்று அவளும் யோசிக்கவில்லை. டிசம்பர் குளிருக்குப் போர்த்திக்கொண்ட புதுப் பஞ்சு ரஜாய் இதமாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

சாப்பாட்டு மேஜையில் கணவர் கருப்பசாமி உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். முகத்தில் மட்டும் பரம திருப்தி. நீளமான நோட்டு ஒன்றை மூடி, அதன்மேல் பேனாவை வைத்தார்.

"எல்லாம் நார்மல்" என்றார்.

எது நார்மல் என்று லீலாவதி கேட்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் லோதி ரோடு வானிலை ஆபீசில் அப்சர்வராக இருந்து ரிட்டயர் ஆன மனிதர். வீட்டில் தெர்மாமீட்டர் கண்ணில் பட்டால் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் பார்த்து எழுதி வைப்பார். அவர் எதையாவது நார்மல் என்று சொன்னால், சரி என்று காபியைக் கொடுத்துவிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம்.

போன வாரக் கூத்து சொசைட்டிக்கே நினைவிருக்கும். மறக்கும்படி லீலாவதி யாரையும் விடவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் உஷாராணி, ஆபீசுக்குக் கிளம்பி, போன மாதம்தான் இந்தப் பக்கம் வந்த மெட்ரோவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பாரகம்பா ரோட்டில் இறங்க வேண்டியவளைத் துவாரகாவில் ஒரு காவலாளி தட்டி எழுப்பினார். அன்று மத்தியானமே பார்க்கில் வெயில் காய்கிற பெண்கள் கூட்டத்தில், பட்டாணி உரித்தபடி லீலாவதி அதைப் படம் போட்டுக் காட்டினாள். "எங்க வீட்டு மகாராணிக்கு உக்காந்தா தூக்கம், நின்னா தூக்கம்."

லேடி டாக்டருக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ரத்த அழுத்தம் வேறு ஏறிக்கொண்டு வந்தது. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருகிறதா என்று பார்த்தாக வேண்டும் என்றார். அதற்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. மார்பில் கட்டிக்கொள்ள ஒரு சின்ன மெஷின், மூக்கடியில் ஒரு குழாய், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்ட விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதான். ஒரு ராத்திரி வீட்டில் மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

வியாழக்கிழமை உஷாவுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட். சாத்தூரில் அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, அப்படியே பிரசவமும் அங்கேதான். ஆனால் இந்த மெஷின் என்ன சொல்கிறது என்று பார்க்காமல், ரயிலில் போகலாம் என்று கடிதம் தரமாட்டேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகன் கார்த்தி புனேக்கு டூர் போயிருந்தான், புதன்கிழமைதான் வருவான். அதனால் திங்கள்கிழமை காலை, மாமியாரும் மருமகளும் ராத்திரி மாட்டிக் கழற்றிய மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் கிளினிக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் உஷாவின் தலை லீலாவதியின் தோளில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.

கிளினிக்கில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன் பட்டாபி. கரோல்பாகில் பிறந்து வளர்ந்த பையன். தமிழ் பேசுகிற பெண்கள் எல்லாரும் அவனுக்கு மாமிதான். மெஷினைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் பார்த்தான்.

"ராத்திரி பூரா சேர்த்து அம்பத்திரண்டு நிமிஷம்தான் தூங்கியிருக்கா மாமி. இதை வெச்சுண்டு ஒண்ணும் பண்ண முடியாது."

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்கோ. பதினொண்ணு, பதினொண்ணரை, பன்னெண்டு... அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து உக்காந்திருக்கா. அலாரம் வெச்சா மாதிரி."

திரையில் கம்பி வேலி மாதிரி வரிசையாகக் கோடுகள் நின்றன. லீலாவதி மருமகளைப் பார்த்தாள். உஷா தன் செருப்பைப் பார்த்தாள்.

"மாமா கேட்டாக" என்றாள் மெல்ல.

"என்னத்தக் கேட்டாக?"

"நம்பரு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. கருப்பசாமி வேலை பார்த்த கடைசி ஏழு குளிர்காலமும் பாலம் ஏர்போர்ட்டில் பனிமூட்ட டியூட்டி. சாதாரண நாளில் மூன்று மணிக்கு ஒருமுறை ரீடிங் எடுத்தால் போதும். பனி இறங்கினால் அரை மணிக்கு ஒருமுறை. விலை உயர்ந்த கருவி ஒன்று ராத்திரி முழுக்க வீட்டில் ஓடுகிறது, அதைக் கவனிக்க ஆளில்லை என்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதற்காக மருமகள் படுத்திருக்கும் அறைக்குள் மாமனார் நுழைவதா? அந்த மரியாதை தெரிந்தவர். அதனால் அரை மணிக்கு ஒருமுறை மங்கி கேப்பும் மப்ளருமாகக் கதவுக்கு வெளியே நின்று, விரலால் இரண்டு தட்டு. "உஷாம்மா, கிளிப் இருக்கா? நம்பர் எவ்வளவு?" அவள் எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, கிளிப்பில் தெரிகிற எண்ணைப் படித்து, "தொண்ணூத்தெட்டு மாமா" என்பாள். அவர் எழுதிக்கொள்வார். காலை ஐந்தரை வரைக்கும் பதினாலு ரீடிங்.

"முழிச்சிண்டு இருக்கறவாளுக்கு நம்பர் நன்னாத்தானே இருக்கும்" என்று பட்டாபி சிரிப்பை விழுங்கினான்.

"வேணாம் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?" என்றாள் லீலாவதி.

"அந்தக் குளிர்ல வெளிய நிக்காகளே அத்தை."

லீலாவதி இன்னொரு ராத்திரிக்கு மெஷின் கேட்டாள். இருப்பது ஒன்றே ஒன்று. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நொய்டாவிலிருந்து வேறொரு பெண் வந்து வாங்கிப் போகிறாள். அதற்கப்புறம் அடுத்த திங்கள் வரை ராத்திரிக்கு ஒரு பெயர் எழுதியிருந்தது.

பட்டாபி உஷாவின் ஃபாரத்தைப் புரட்டினான். கார்த்தி ஊருக்குப் போகுமுன் பூர்த்தி செய்தது. குறட்டை உண்டா? இல்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா? இல்லை. இடி விழுந்தாலும் எழாத பிள்ளை, வேறெப்படி எழுதுவான்?

"இவாத்துக்காரர் ஒண்ணுமே இல்லைன்னுதான் எழுதியிருக்கார். டாக்டர் கிட்ட சொல்லிப் பாக்கறேன். டெஸ்ட் இல்லாமயே லெட்டர் குடுத்தாலும் குடுப்பா."

நல்ல வழிதான். தலையை ஆட்டிவிட்டு வந்தால் கடிதம் கிடைக்கும், உஷா ஊருக்குப் போய்ச் சேர்வாள், லீலாவதி சொன்ன எதையும் லீலாவதி திருப்பி வாங்க வேண்டியதில்லை. உஷாகூட ஆசையாக நிமிர்ந்து பார்த்தாள்.

லீலாவதி புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த ஃபாரத்துல இருக்கறது தப்பு தம்பி. குறட்டை உண்டு. எழுதுங்க."

உஷா திரும்பினாள்.

"மூச்சு நிக்குது. அதையும் எழுதுங்க."

"எத்தனை நேரம் நிக்கறது மாமி?"

"இருபது வரைக்கும் எண்ணிருக்கேன். ஒரு நா இருபத்தாறு."

விஷயம் இதுதான். லீலாவதியின் கட்டில் தலைமாட்டுக்கும் மகன் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். தீபாவளியிலிருந்தே அந்தக் குறட்டை அவளுக்குக் கேட்கும். குறட்டை கேட்டால்கூடப் பரவாயில்லை. அது சட்டென்று நிற்கும்போதுதான் இவளுக்கு முழிப்புத் தட்டும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிப்பாள். மறுபடி மூச்சு வந்த பிறகுதான் இவளுக்கும் வரும். நேற்று ராத்திரி எண்ண ஒன்றுமில்லாமல் போனதால்தான் அடித்துப் போட்டது மாதிரி தூங்கியிருக்கிறாள். புது ரஜாயாம், இதமாம்.

அப்படியென்றால் பார்க்கில் ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்பீர்கள். சோம்பேறி என்று எந்த மருமகளையும் சொல்லலாம், அதில் குற்றமில்லை. குறட்டை விடுகிற மருமகள் என்றால், பெண் பார்த்துவிட்டு வந்தவள் யார் என்று ஊர் கேட்கும். பெண் பார்த்துவிட்டு வந்தது லீலாவதி.

"டெஸ்ட் எடுத்தே ஆகணும்" என்றாள். "மெஷின் ஆறு மணி வரைக்கும் இங்க சும்மாத்தான கிடக்கு? இப்பவே குடுங்க. பகல்லயே தூங்கிருவா."

"பகல்ல தூக்கம் வரணுமே மாமி."

"இவளுக்கா? ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு யாரு சொன்னா அத்தை?" என்றாள் உஷா.

லீலாவதி சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தை ஊன்றிப் பார்த்தாள்.

பட்டாபி டாக்டருக்குப் போன் போட்டான். பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்துக்கு ஈடாகாது, ஆனாலும் நடுவில் யாரும் எழுப்பாமல் நாலு மணி நேரம் கிடைத்தால் பார்க்கிறேன் என்றார் டாக்டர். ஐந்தே முக்காலுக்கு மெஷின் திரும்பி வந்தாக வேண்டும். அப்போது மணி பதினொன்றே முக்கால்.

வீட்டுக்கு வந்ததும் உஷாவுக்கு இரண்டு இட்லியைக் கொடுத்து, மெஷினை மாட்டிப் படுக்க வைத்தார்கள். பன்னிரண்டரைக்குக் கண் மூடியவள்தான். பெயர் போன தூக்கம், பெயரைக் காப்பாற்றியது.

கருப்பசாமியைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவர் நோட்டைத் திறந்து விரலை ஓட்டினார்.

"ரீடிங் எல்லாம் கரெக்டாத்தான எடுத்தேன்."

"ரீடிங் கரெக்டுதான். தூங்க வேண்டியவளத்தான் தூங்க விடல."

முப்பத்துநாலு வருஷத்தில் அவர் எடுத்த ரீடிங் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நோட்டைச் சமையல் மேடையில் விரித்து வைத்தார். பிறகு ஸ்கேல் வைத்து, பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார். நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அதற்கப்புறம் அந்த மாடிப்படியில் அவரை மீறி ஒரு ஈ ஏறவில்லை. பழைய பேப்பர் வாங்குகிற கபாடிவாலா கூவ வாயைத் திறந்தபோதே கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். கேஸ் சிலிண்டர்காரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வழக்கமாகத் தடதடவென்று உருட்டுகிற சிலிண்டரைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து ஏறினான்.

எல்லாம் சரி. மேலே அம்புஜம் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். உஷாவின் தலைக்கு நேர் மேலே.

லீலாவதி இரண்டு இரண்டு படியாக ஏறினாள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் அப்படி ஏறியதை நான்கு வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள்.

"மாமி, கிரைண்டரக் கொஞ்சம் நிறுத்துங்க. அஞ்சு மணிக்கு மேல அரைச்சுக்கங்க."

"திங்கக்கிழமை அரைக்கறது எங்காத்து வழக்கம்டி. அரிசி நனைஞ்சுடுத்தே. ஏன், என்ன விசேஷம்?"

"உஷா தூங்குறா."

அம்புஜத்தின் முகம் இரக்கத்தில் நனைந்தது. "பகல்லயுமா? பாவம்டி லீலா நீ. உனக்குன்னு இப்படி ஒரு மகாராணி வாய்ச்சிருக்காளே."

சொல் ஒன்றுகூட மாறவில்லை. எல்லாம் லீலாவதி பார்க்கில் சொல்லிக்கொடுத்த பாடம். சரக்கு போட்டவளிடமே திரும்பி வந்திருந்தது.

"மகாராணியும் இல்ல, சோம்பேறியும் இல்ல மாமி" என்றாள். "ராத்திரித் தூக்கத்துல அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. அதான் பகல்ல கண்ணு சொருகுது. எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் உங்ககிட்ட எல்லாம் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அம்புஜம் தலைப்பை இடுப்பில் செருகினாள். உள்ளே போனாள். கிரைண்டர் நின்றது. ஐந்து நிமிஷத்தில் ஒரு தாம்பாளமும் இரண்டு கிலோ பட்டாணியுமாகக் கீழே வந்து, லீலாவதி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். காவலுக்கு ஒரு ஆள் போதாது என்பது அவள் கட்சி.

இரண்டு பேரும் பட்டாணி உரித்தார்கள். வாயைத் திறக்காமல். அந்த ஆச்சரியத்தைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து வீட்டு சர்தார்ஜி அம்மா இரண்டு தடவை கதவைத் திறந்தாள். இரண்டாம் மாடியில் புதிதாக வந்த ஜோடியைப் பற்றிய ஒரு முழு விவகாரத்தை அம்புஜம் புருவத்தாலேயே சொல்லி முடித்தாள். லீலாவதி உதட்டைப் பிதுக்கித் தீர்ப்பும் சொன்னாள்.

உள்ளேயிருந்து குறட்டை சீராக வந்துகொண்டிருந்தது. இரண்டு மணி சுமாருக்கு, நின்றது.

லீலாவதியின் விரலும் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. ஐந்து. பத்து. அம்புஜமும் கையிலிருந்த பட்டாணியைப் பிடித்தபடி கதவைப் பார்த்தாள். பதினெட்டு. இருபத்துமூன்று.

ராத்திரியாக இருந்தால் லீலாவதி இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரைக் கீழே போடுவாள். அந்தச் சத்தத்தில் உஷா புரண்டு படுப்பாள், மூச்சு வந்துவிடும். இரண்டு மாதமாக அதுதான் வைத்தியம். ராத்திரி ரெண்டு மணிக்கு லீலாவதி கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாள் என்று அம்புஜம் மார்க்கெட் வரை சொல்லியிருந்தது இந்த டம்ளரைத்தான்.

இருபத்தெட்டு. லீலாவதி எழுந்து கதவில் கை வைத்துவிட்டாள். அம்புஜம் அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். எழுப்பக் கூடாது.

முப்பத்தொன்று என்று எண்ணும்போது, உள்ளே பெரிதாக ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு குறட்டை. அதைப் போல இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. லீலாவதி அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"தினமுமா?" என்று அம்புஜம் காற்றுக் குரலில் கேட்டாள்.

லீலாவதி தலையசைத்தாள்.

"அப்ப அந்த டம்ளர்..."

அதற்கும் தலையசைத்தாள். லீலாவதியின் பங்கு பட்டாணியையும் அம்புஜம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாலே முக்காலுக்கு உஷா தானாகவே விழித்தாள். கதவோரம் காலடிச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலே, "தொண்ணூத்தாறு மாமா" என்றாள்.

கிளினிக்குப் போகிற ரிக்‌ஷாவில் அவள் தலை சாயவில்லை. கிளம்புமுன் அம்புஜம் அவள் காதில் டம்ளர் கதையைப் போட்டிருந்தாள்.

"அந்த டம்ளரெல்லாம் நீங்கதானா அத்தை?"

"எல்லாமே நான் இல்ல. ரெண்டு உங்க மாமா கை தவறிப் போட்டது."

உஷா சிரித்துவிட்டு, மெஷின் பையைத் தன் மடியிலிருந்து எடுத்து லீலாவதி மடியில் வைத்தாள். மாமியார் கையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சமாக இருந்தால் பையைத்தான் கொடுக்க முடியும்.

பட்டாபி கம்ப்யூட்டரைப் பார்த்தான். "நாலு மணி, பதினோரு நிமிஷம். பேஷ்." பிறகு திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டே போனான். இந்தத் தடவை அவனுக்குச் சிரிப்பை விழுங்க வேண்டியிருக்கவில்லை. "நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு டாக்டர் பேசுவா மாமி. ரெண்டு பேருமா வாங்கோ" என்று மட்டும் சொன்னான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பட்டாணிக் குருமா. அம்புஜம் உபயம். உஷா இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டாள். அவள் பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, லீலாவதி போனை ஹாலின் கோடிக்கு இழுத்துச் சென்று சாத்தூருக்குப் பேசினாள். சம்பந்தி ஜெயலட்சுமி வளைகாப்புக்கு எத்தனை டஜன் வளையல், யார் யாருக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஒரு பாட்டம் ஒப்பித்தாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டு லீலாவதி கேட்டாள்:

"மதினி, உங்களுக்குத் தூக்கமெல்லாம் எப்படி?"

"எனக்கென்ன மதினி, படுத்தா விடியுறதுதான் தெரியும். கள்ளன் வந்து கட்டிலத் தூக்கிட்டுப் போனாலும் எனக்குத் தெரியாது. ஏன் கேக்கீக?"

"சும்மாதான்" என்று லீலாவதி போனை வைத்தாள்.

ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டியிருந்த வியாழக்கிழமை டிக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உஷாராணி, கார்த்தி. இரண்டு பெயர்தான். மருமகள் பிரசவத்துக்கு மாமியார் போய்ச் சம்பந்தி வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்த கதையை அவள் எங்கேயும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பார்க்கில் ஒரு வாரம் ஓட்டியிருப்பாள்.

"ஏங்க" என்றாள். "அதே வண்டில இன்னொரு டிக்கெட் கிடைக்குமா?"

கருப்பசாமி பேப்பரிலிருந்து தலையை எடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை.

"தத்கால்ல பாக்கலாம். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத் திறப்பான். எட்டு அஞ்சுக்கெல்லாம் தீந்துரும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா உஷாவப் போகலாம்னு டாக்டர் சொல்றதே பத்து மணிக்குத்தான?"

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. இந்தத் தடவை போட்டது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உஷாராணி.